கத்துகிறவளிடம் போகக் கூடாது

எங்கள் வீட்டில் மருமகளைவிடச் சிலந்திகளுக்கு மரியாதை அதிகம். விரித்த உள்ளங்கை அளவு பெரியவை, உடம்பெல்லாம் ரோமம். சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஆட்டுப்பட்டிக் கற்களுக்குள் என்று இடம் பிடித்து வருஷக்கணக்காகக் குடியிருக்கும். என் மாமியார் ஒப்தூலியா அவற்றைக் கொல்ல விடமாட்டாள். கரப்பானைத் தின்கின்றனவாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும்தான் அந்த வீட்டில் கரப்பான் அடித்தேன். எனக்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சிலந்தி இருந்தால் குளவி வரும். விரல் நீளம், கருநீல உடம்பு, செம்மஞ்சள் இறக்கை. சிலந்தியைக் கொட்டி அசைய முடியாமல் ஆக்கி, பொந்துக்கு இழுத்துப் போய், உயிரோடு அதன் மேல் முட்டை வைத்து மூடிவிடும். மனிதர்களைத் தேடி வந்து கொட்டாது. தெரியாமல் மிதித்தாலோ கையை வைத்தாலோ தொலைந்தோம். அந்த வலியில் ஓடுகிறவன் கண்மண் தெரியாமல் கள்ளிக்குள் போய் விழுவான். பிடிக்கப் போகிறவனுக்கு உதை விழும். அதனால் சொனோராப் பாலைவனத்தில் எங்கள் பக்கத்தில் ஒரே வழக்கம்தான். கொட்டின இடத்திலேயே படுத்துக் கத்த வேண்டும், யாரும் கிட்டே போகக் கூடாது. ஒரு சிகரெட் புகைத்து முடிக்கும் நேரத்தில் வலி தானாக இறங்கிவிடும். பிறகு எழுந்து வந்தால் ஒரு குவளை பக்கனோரா சாராயம் கிடைக்கும், கேலியும் கிடைக்கும்.

கத்துகிறவன் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் சேர்ந்ததுதான். என் கொழுந்தன் தோரிபியோ ஒருமுறை நெஞ்சு வெடித்துவிட்டது, பாதிரியாரைக் கூப்பிடுங்கள் என்று கதறினான். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்து ஐந்து ரொட்டி தின்றான்.

அன்று அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. என் கணவன் நிக்கானோரும் தோரிபியோவும் மரநிழலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். முற்றத்தின் குறுக்கே ஒரு குளவி, தொட்டியடிச் சிலந்தியைப் பின்பக்கமாக நடந்தபடி இழுத்துக்கொண்டு போனது.

"ரூஃபினா! என் சிலந்திய இழுத்துட்டுப் போறாளே அந்தச் சண்டாளி! தொடப்பத்த எடுத்துக்கிட்டு ஓடு!" என்றாள் மாமியார்.

"அத்தே, கொட்டிருச்சுன்னா?"

"கொட்டினா படுத்துக் கத்து. உனக்கு மட்டும் தனி உடம்பா?"

நிக்கானோர் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெதுவா கத்துடி. ஆட்டம் கலைஞ்சிரும்."

துடைப்பத்தோடு போனேன். பட்டியைத் தாண்டி, கற்குவியலுக்குப் பின்னால் குளவி மறைந்தது. நானும் சுற்றிக்கொண்டு போய்க் காலை வைத்தேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு ஊசி இறங்கியது. கிலுகிலுப்பைப் பாம்பு. முன்னால் எச்சரிக்க வேண்டிய வாலைக் கடித்த பிறகுதான் கிலுகிலுவென்று ஆட்டியது.

"பாம்பு! நிக்கானோர், பாம்பு கடிச்சிருச்சு!"

மரத்தடியிலிருந்து பெரிய சிரிப்பு கேட்டது.

"அண்ணே, இந்த வீட்ல இதுவரைக்கும் யாருக்கும் பாம்பு தோணலயே!" என்றான் தோரிபியோ.

"பின்ன? என் பொண்டாட்டி மூளைக்காரி," என்றான் நிக்கானோர்.

"சிலந்தி என்னாச்சுடி?" இது மாமியார்.

எழுந்து நிற்கப் பார்த்தேன். கால் நிற்கவில்லை. கொட்டவில்லை, கடித்தது, சத்தியம் என்று கத்தினேன். மாதா மேல் ஆணை என்றேன். செத்துப்போவேன், வா என்றேன். எதுவும் எடுபடவில்லை. இனி நான் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எனக்கு முன்பே யாரோ ஒருவர் அந்த வீட்டில் கத்திவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை.

நாக்கு தடித்துக் குரல் கம்மியது.

"பாத்தீங்களா, அதுக்குள்ள அடங்கிட்டா. எம் பொண்டாட்டி உங்கள மாதிரி கோழை இல்ல," என்று நிக்கானோர் பெருமையடிப்பது எனக்குக் கேட்டது. சாராயம் ஊற்றும் சத்தம்கூடக் கேட்டதாக ஞாபகம். எனக்காகத்தான் ஊற்றியிருப்பான்.

கடைசியில் அவர்களை எழுப்பியது என் குரல் அல்ல, ரொட்டி கருகிய நாற்றம். என்னைத் திட்டுவதற்காகத்தான் மாமியார் தேடி வந்தாள்.

எர்மோசியோ நகரத்து ஆஸ்பத்திரியில் என் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். நிக்கானோர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கி அழுதான்.

"எங்களுக்கு எப்படிடி தெரியும்? நீ குளவி பின்னாலதான போன? எல்லாரும் அப்படித்தான கத்துவாங்க?"

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் மூக்கைச் சிந்தினான்.

வீட்டுக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது? மாமியார் கொஞ்ச நாள் சமைத்துப் போட்டாள், பிறகு அடுப்பு பழையபடி என்னிடம் வந்தது. அடுத்த வருஷம் குளவிகள் வந்தன. தோரிபியோவைத் தொட்டிப் பக்கம் ஒன்று கொட்டியது. அவன் படுத்துக்கொண்டு, வலியிலும் ஒரு குறும்போடு, "பாம்பு! பாம்பு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், வாயைப் பொத்தினார்கள், பொத்திய கைக்குள்ளேயே மறுபடி சிரித்தார்கள். மாமியாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளவி கொட்டினால் பாம்பு என்றுதான் கத்துவது. என் கால் அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

அந்த மாதமே ஒருநாள் மதியம், ஆடு பார்க்கப் போன நிக்கானோரின் குரல் பட்டிக்கு அப்பாலிருந்து வந்தது.

"ரூஃபினா! பாம்பு! ஐயோ, பாம்புடி!"

தோரிபியோ மேசையைத் தட்டிச் சிரித்தான். நான் ஊன்றுகோலை எடுத்தேன்.

"உக்காருடி. அவனுக்கு என்ன வந்துச்சு, கத்திட்டு வருவான்," என்றாள் மாமியார்.

உட்காரலாம் என்றுதான் தோன்றியது. அவனை நான் வெறுத்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே படுத்துக்கொண்டு இங்கே சிரிப்பதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். போனேன். கற்களில் கோல் சறுக்கி விழுந்தேன். எழுந்து மறுபடி விழுந்தபோது கள்ளி முள் உள்ளங்கையில் ஏறியது. நல்ல காலில் முழங்கால் கிழிந்தது. ஊர்ந்தும் எழுந்தும் போய்ச் சேர்ந்தேன்.

அவன் மல்லாந்து படுத்து, வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நசுங்கிய குளவி கிடந்தது. என்னைப் பார்த்ததும் அலறலுக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ ஏன்டி வந்த? குளவிதான்டி. சும்மா... எல்லாரும் கத்துறாப்புலதான்..."

"வந்து பாத்தாத்தான தெரியும்? அதான் வந்தேன்," என்றேன்.

அவன் முகத்தில் சிரிப்பு நின்றது. என் கையைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான், காலில்லாத பாவாடை மடிப்பைப் பார்த்தான். நான் திரும்பி, வீட்டுப் பக்கம் போகாமல், பஸ் வரும் சாலைப் பக்கம் நடந்தேன்.

"ரூஃபினா! போகாத! ரூஃபினா, நெசமாத்தான் கூப்பிடுறேன்!" என்று பின்னாலிருந்து அலறினான்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.