களவாணி இல்லை, தைராய்டு

பேட்டையில் அரிசி மூட்டை தூக்கும் காசிலிங்கத்துக்கு உடம்பைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். தின்றால் ஏறும், வேலை செய்தால் இறங்கும். ஒன்பது வயது மகள் இசக்கிச்செல்வியோ ஒரு வருஷமாக ஊதிக்கொண்டே போனாள். சோற்றைக் குறைத்தாயிற்று, தெருவில் ஓட விட்டாயிற்று. பாதித் தெருவிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டி களவாணி, எந்திச்சு ஓடு!" என்று தெருவே கேட்கக் கத்துவான். களவாகத் தின்கிறாள் என்றால் களவாகக் கொடுக்க ஆள் வேண்டும். வீட்டில் வேறு யார்? பெண்டாட்டி முத்துராணிதான்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட சித்திரையில், வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினான். வெயில் மண்டையைப் பிளந்தது. களவு ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளை வாசல் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றாள், மத்தியானம் ஒரு கை சோறு. அப்புறம் அந்தக் கொதிப்பிலும் அங்கேயே போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டாள். இது தீனி இல்லை, ஏதோ நோவு என்று காசிலிங்கத்துக்குப் பட்டது.

மறுநாளே மூவரும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள். குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா சாலோமி பிள்ளையை நிறுத்தி உயரம் பார்த்தார், எடை பார்த்தார்.

"என்ன சாப்பிடுதா?"

"கொஞ்சந்தான் தாயி திங்கா" என்றாள் முத்துராணி.

"எல்லா அம்மாவும் இதத்தான் சொல்லுதாங்க."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். களவாணி என்று கூப்பிடும்போதும் இப்படித்தான் குனிவாள். காசிலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"நெசந்தாம்மா! நேத்து பூரா எதுத்த மாடியில ஒளிஞ்சிருந்து பாத்தேன். எம் புள்ள ஒரு வாய் களவாத் திங்கல!"

முத்துராணி மெதுவாகத் திரும்பினாள். "எங்க ஒளிஞ்சிருந்திய?"

"அது வந்து... தொட்டிக்குப் பின்னால..."

"நான் களவாக் குடுக்கேன்னு காவலிருந்தியளோ? கூலியையும் விட்டுட்டு?"

"சண்டைய வீட்ல போய்ப் போடுங்க" என்றார் டாக்டரம்மா. "போன வருசம் தச்ச பாவாட நீளம் இன்னும் சரியா இருக்கா?"

"நீளம் அப்படியே இருக்கும்மா. இடுப்புதான் பத்தல."

"அதான். தின்னு குண்டாவுத பிள்ள வளத்தியும் சேத்து வளரும். இவ வளத்தி நின்னுபோச்சு. தொண்டையில தைராய்டுன்னு ஒரு சுரப்பி. அதுல ஹார்மோன் கொறஞ்சா ஆள் சுணங்கும், குளிரும், எடை கூடும். ரத்தம் பாத்துருவோம். நீங்க மாடி ஏறாட்டாலும் நான் பாக்கத்தான் சொல்லியிருப்பேன்."

ரத்தமும் அதையே சொன்னது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது காசிலிங்கம் மகளிடம் குனிந்தான்.

"இனிமே ஒன்னயக் களவாணின்னு கூப்பிட மாட்டேம்ட்டி."

"எங்காதுல சொன்னா போதுமா? கூப்பிடும்போது தெருவே கேக்கத்தான கூப்பிட்டிய?"

சாயங்காலம் காசிலிங்கம் தெருமுனையில் நின்று தொண்டையைச் செருமினான்.

"எம் புள்ள களவாணி இல்லவே! தைராய்டு!"

"இன்னும் சத்தமா" என்றாள் செல்வி.

மறுபடி கத்தினான். கதவுகள் திறந்தன. பின்னாலிருந்து முத்துராணியின் குரல் வந்தது.

"களவாக் குடுக்காதவ பேரையும் சேத்துச் சொல்லுங்க."