ஸக்கியாவின் மிளகாய்ப் பாத்தி

என் தோட்டத்துத் தக்காளியை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வர வாசல்நிலையையே பெயர்க்க வேண்டியிருந்தது என்று நான் சொன்னதை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தக் கோடையில் அந்த மரியாதையும் போயிற்று.

ஜூலையில் வீட்டோடு ஒரு தோட்டம் இருந்துவிட்டால் மனிதனுக்கு வேறு சொர்க்கம் வேண்டாம். வெயில் ஏறுமுன் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, தக்காளி இலை வாசம் ஒட்டிய கையை முகர்ந்துகொண்டே, வெள்ளரிப் பிஞ்சைப் பறித்து நின்றபடியே கடிக்கலாம். சாயங்காலமானால் பக்கத்து வீட்டு மொங்கியின் எலுமிச்சை மரத்தடி. அவன் மனைவி ஸக்கியா மிளகாயும் தக்காளியும் கரியில் சுட்டு, இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைப்பாள். ரொட்டியைப் பிய்த்துத் தோய்ப்பது என் வேலை.

அங்கேதான் அவளுடைய மிளகாய்ப் பாத்தி. வருஷம் முழுவதற்குமான ஹரீஸா விழுதை அந்தப் பாத்தியிலிருந்துதான் அரைப்பாள். என் செடிகள் குழந்தை விரல் போல ஏதோ காய்த்திருக்க, அவளுடையவை காய்ப் பாரத்தில் தரையோடு சாய்ந்திருந்தன.

"இப்படி ஒரு காய்ப்ப நான் பாத்ததே இல்லம்மா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எதைப் புகழ்ந்தாலும் 'தபார்கல்லா', எல்லாம் ஆண்டவன் அருள், என்று சொல்லி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். இது எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். ஸக்கியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதில் ரொட்டியைப் போட்டு மூடினேன்.

அந்த வாரமே பாத்தி முழுவதும் இலை கருகிச் செத்தது. என் கண்தான் என்று காப்பிக்கடையில் முதலில் சொன்னவன் மொங்கி.

அதன்பிறகு நான் தெருவில் நடந்தால் பெண்கள் செடிகள்மேல் போர்வையை விரித்தார்கள். ஒரு கோழி என்னைக் கண்டதும் பாதி இட்ட முட்டையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது, பக்கத்திலிருந்து பார்த்தேன். தெருக்கோடி மப்ரூக்கா தன் தோட்டத்துக் கோரைப்புல்லைக் காட்டி, வாயாரப் புகழுங்கள், அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். தொண்டை வறளப் புகழ்ந்தேன். கோரை இடுப்பளவு வளர்ந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஸக்கியாவின் கதவு எனக்கு மூடிக்கிடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் சுட்ட மிளகாய் வாசம் மதில் தாண்டி வரும். கடை மிளகாய். நான் என் பக்கம் நின்று வெறும் ரொட்டியைத் தின்பேன்.

ஒருநாள் மதிலுக்கு மேல் மொங்கியின் தலை தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஷத்லி, உன் கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. காய் இன்னும் பெருக்கட்டும்னு நான்தான் பச்சைக் கோழி எருவை மூட்டையோட கொட்டிட்டேன். வேர் வெந்துபோச்சு. அவகிட்ட சொல்லிடாத. உன் கண்ணுன்னே இருக்கட்டும், உனக்குத்தான் பழகிப்போச்சே."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. பாத்தியைப் புகழ்ந்த அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு மறந்துபோகவில்லை. நாக்குநுனிவரை வந்தது. இந்தப் பாத்தி கொஞ்சம் வாடினால்தான் என்ன என்று நினைத்து, ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கினேன். அதை எருவின் தலையில் கட்ட முடியாது.

மறுநாள் அவள் கதவைத் தட்டினேன். அகலமான பேசினில் கடை மிளகாயைக் குவித்துவைத்துக் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என் கண்ணுதாம்மா பட்டுருச்சு" என்றேன். மொங்கியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எரு நாத்தம் அன்னிக்கே அடுப்படிவரைக்கும் வந்துச்சு, சித்தப்பா. அந்த மனுஷன் வாயால சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் நிமிராமலே. பிறகு நிமிர்ந்தாள். "நீங்க ஏன் அந்த வார்த்தைய சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குனிந்து பேசினிலிருந்து ஒரு மிளகாயை எடுத்தேன்.

"உக்காருங்க" என்று பேசினை என் பக்கம் நகர்த்தினாள்.

உட்கார்ந்து காம்பு ஆய்ந்தேன். மொங்கி உள்ளே வந்தான், எங்கள் இருவரையும் பார்த்தான், வந்த வழியே போய்விட்டான். ஸக்கியா மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.