இன்று வகுப்புக்கு வரவில்லை

வாயாடியின் அப்பா போன் செய்தபோது அமுக்கினி கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் தனியாக இருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சுக்குப் பின்னால் எங்கோ இரும்பு மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னைக்கும் மெசேஜ் வந்துடுச்சும்மா. 'உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை'ன்னு. போன் எப்பவும் வீட்ல அவ அம்மாகிட்டதான் இருக்கும். ரிப்பேரு, அது இதுன்னு சொல்லி நான் எடுத்துட்டு வந்துடறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஏமாத்தறது? உன்னால ஏதாவது பண்ண முடியுமா?"

காய்ச்சல் என்று படுத்த வாயாடி எழுந்திருக்கவே இல்லை. இருவருக்கும் வகுப்பு வைத்த பெயர்கள் அவை. ஒருத்தி பேசுவதற்கு, ஒருத்தி கேட்பதற்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு ஒரே பெஞ்சில் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். இப்போது கேட்பவள் மட்டும் மிச்சம். அவளுக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை. அதற்கும் யாராவது பேச்சை ஆரம்பித்துவைக்க வேண்டியிருந்தது.

டேட்டாபேஸ் நிர்வாகப் பாடத்தை அந்தக் கம்ப்யூட்டர் துறையில் கரும்பலகையோடு முடித்துவிட மாட்டார்கள். துறையின் வருகைப் பதிவு இருக்கும் டேட்டாபேஸை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் அமுக்கினியின் முறை. லெக்சரரிடம் போய்க் கேட்டாள்.

"ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வராம ஒரு பேரையும் தூக்கக் கூடாதும்மா. எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா?" என்றார் அவர். இறப்புச் சான்றிதழை அப்பா கொடுத்து நாளாகிவிட்டது. ஆபீஸில் கேட்டால், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போனது கீழே வரக் காணோம்.

லெட்டர் இல்லாமலும் தூக்கிவிடலாம். ஒரே வரிக் கட்டளை. ஆனால் பெயரை அழித்தால் அதோடு கட்டிவைத்த மதிப்பெண்கள், லேப் பயிற்சிகள், இருவரும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் எல்லாம் கூடவே போய்விடும். அமுக்கினி அந்த வரியை அடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு வரவில்லை. எழுத்தெழுத்தாகப் பின்னால் வந்து அதை எடுத்துவிட்டாள்.

வேறு யோசனை தோன்றியது. வராதவர்களின் வீட்டுக்குத்தானே மெசேஜ் போகிறது? வந்தவர்களின் வீட்டுக்குப் போகாதே. அந்த ஒரு பெயருக்கு மட்டும், ஆசிரியர் என்ன குறித்தாலும் 'வந்தார்' என்றே பதிவாகும்படி சின்னதாக ஒரு விதி எழுதினாள். சோதித்துப் பார்த்தாள். முதல் தடவையிலேயே வேலை செய்தது. அவளுக்கு எதுவும் முதல் தடவை ஓடியதில்லை. "ஏய், ஓடிடுச்சுடி" என்று பக்கத்தில் திரும்பினாள். அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். "மெசேஜ் வரலம்மா. போனை அவ அம்மாகிட்டயே குடுத்துட்டேன். நீ நல்லா இருக்கணும்."

அதன்பின் முறை மாறி, வேறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அதை இன்னும் யார் யார் எடுத்துப் படிக்கிறார்கள் என்று பாருங்கள் என லெக்சரர் வகுப்புக்கு வகுப்பு சொல்வார். கேட்பதில் கெட்டிக்காரியான அமுக்கினி அதையும் கேட்டவள்தான். அந்த வருகைப் பட்டியலை எடுத்துப் படிப்பது தினசரி மெசேஜ் மட்டும் இல்லை என்பது அடுத்த மாதம் முடிந்தபோது தெரிந்தது.

அன்று காலையில் வாயாடியின் அம்மா லேப் வாசலில் நின்றாள். தலையைப் படிய வாரி, கையில் போனோடு. லெக்சரர் எழுந்து போனார். அம்மா போனை அவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு அமுக்கினியிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

'உங்கள் மகள் இந்த மாதம் ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்கு வந்துள்ளார். பாராட்டுகள்.'

அமுக்கினி போனோடு வாசலுக்கு ஓடினாள். "நான்தாம்மா பண்ணேன்," என்றாள். "வரலன்னு உங்களுக்கு மெசேஜ் வரக் கூடாதுன்னுதான்... இது போகும்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

லெக்சரர் வாய் திறக்கப் போனார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க சார். என் மடியிலதான் போனா. எனக்குத் தெரியாதா?" அவள் லேபுக்குள் எட்டிப் பார்த்தாள். "இருந்தாலும் இதப் படிச்சுட்டு வீட்ல இருக்க முடியல. எங்க உக்காருவா?"

அமுக்கினி அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சுற்றிலும் பிள்ளைகள் கீபோர்டிலிருந்து கையை எடுத்திருந்தார்கள். ஜன்னல் ஓரம், அமுக்கினியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி. அதில் இதுவரை வேறு யாரும் உட்காரவில்லை. அம்மா மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். வாயாடி குள்ளம், திரை சரியாகத் தெரிவதற்காக நாற்காலியை உயர்த்தி வைத்திருந்தாள். அம்மாவும் அதே உயரம்தான். அமுக்கினி குனிந்து, நாற்காலியை இறக்குவதற்கு அடியிலிருந்த பிடியைத் தேடினாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.

தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன அவளுடைய இரண்டு பாதங்களும்.