பெரிய மிஸ்ஸுக்கு உயிர் உண்டா?

இரண்டாம் வகுப்பு டீச்சர் அன்றைக்கு நடத்திய பாடம் உயிருள்ளவை, உயிரற்றவை.

"உயிருள்ளது அசையும், சாப்பிடும், மூச்சு விடும், வளரும், குட்டி போடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!" என்று வகுப்பு இழுத்த இழுப்பிலேயே, ஏதோ வில்லங்கம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் எழுந்தவன் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பட்டப்பெயர்.

"மிஸ், ஃபேன் அசையுதே?"

"அது கரண்ட்ல சுத்துதுப்பா."

"அப்ப கரண்ட்ட சாப்பிடுது."

"சரி, ஃபேன் குட்டி போடுமா?" மடக்கிவிட்ட தெம்பில் கேட்டார் டீச்சர்.

"போட்டிருக்கே! பெரிய மிஸ் மேசை மேல ஒரு குட்டி ஃபேன் நிக்குது!"

பெரிய மிஸ் என்றால் தலைமை ஆசிரியை. வகுப்பு மொத்தமும் கைதட்டி வக்கீல் பக்கம் சாய்ந்துவிட்டது.

இது பேசித் தீராது என்று டீச்சர் ஆளுக்குக் கொஞ்சம் வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். உயிர் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. "வெளிய போய்ப் பாத்துப் பாத்து ஒட்டிட்டு வாங்க. சத்தமே வரக்கூடாது."

சத்தம் வரவில்லை. வந்திருந்தால் பெரிய மிஸ் முழித்திருப்பார்.

வக்கீலும், முன்பல் விழுந்த ஓட்டைப்பல்லியும் குட்டி ஃபேனைப் பார்க்கப் பூனை மாதிரி அவர் அறைக்குள் நுழைந்தார்கள். காலையெல்லாம் பெற்றோர்களோடு மல்லுக்கட்டிய களைப்பில் பெரிய மிஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்.

"அசையல," என்றான் வக்கீல்.

ஓட்டைப்பல்லி தட்டிலிருந்த பிஸ்கெட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சாப்பிடவும் இல்ல."

"மூச்சு?"

"ஃபேன் காத்துல ஒண்ணும் தெரியலடா."

நெற்றியில் சிவப்பு ஒட்டினார்கள். உயிரில்லாதவருக்கு பிஸ்கெட் எதற்கு என்று அதை ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் முழித்த பெரிய மிஸ் வழக்கம்போல் ரவுண்ட்ஸ் கிளம்பினார். எதிரே வந்த வாட்ச்மேன் சல்யூட் அடித்துவிட்டு அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் வகுப்புக்குள் கால் வைத்ததும் சிரிப்பு வெடித்தது.

"மேடம்... நெத்தியில..." டீச்சர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

பெரிய மிஸ் தடவிப் பார்த்து, உரித்து எடுத்தார். "யார் வேலை இது?"

ஓட்டைப்பல்லி பெருமையாக எழுந்தாள். "நாங்கதான் மிஸ். செக் பண்ணிட்டுத்தான் ஒட்டினோம். உங்களுக்கு உயிர் இல்ல."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய மிஸ்ஸுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னா இல்லைன்னு? இதோ, நடக்கறேனே!"

"பொம்மை கூட நடக்கும் மிஸ். சாவி குடுத்தா," என்றான் வக்கீல்.

"நான் சாப்பிடுவேன்."

"குடுத்தோம். நீங்க சாப்பிடல."

"வளருவீங்களா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு," என்று பெரிய மிஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வகுப்பில் 'ஐயோ' என்று ஒரு பரிதாபக் குரல் எழுந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. "இருங்க, இருங்க! எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. காலேஜ் படிக்கிறா!"

"ஹை, குட்டி!" என்றார்கள் எல்லோரும்.

வக்கீல் மட்டும் மசியவில்லை. "எதுக்கும் ஒரு தடவ குதிச்சுக் காட்டுங்க மிஸ்."

டீச்சர் பதறித் தடுப்பதற்குள், பெரிய மிஸ் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு தொம்மென்று குதித்தார். சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது. மூச்சு வாங்கியது. அந்த மூச்சைக் கேட்டபிறகுதான் வக்கீல் தலையாட்டினான். ஓட்டைப்பல்லி ஓடிப்போய் ஒரு பச்சை ஸ்டிக்கரை அவர் கையில் ஒட்டினாள்.

வாங்கிக்கொண்டு வெளியே போன பெரிய மிஸ், வராண்டா திரும்பும்வரை முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு வகுப்புவரை கேட்டது. டீச்சருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பியது.

சாயங்காலம் ஓட்டைப்பல்லியின் அம்மா அவள் ஷூவைக் கழற்றியபடி கேட்டாள்: "இன்னிக்கு என்னடி படிச்சீங்க?"

"பெரிய மிஸ்ஸுக்கு உயிர் இருக்குதும்மா. நாங்கதான் கண்டுபிடிச்சோம்."