ரெய்னோவின் உயரத்தைத் தின்ற கூரை

1961-இல் ஆறடி இரண்டங்குலம் இருந்த ரெய்னோ காங்காஸ், 1985 மார்ச்சில் மூன்றடி இரண்டங்குலம் இருந்தான். நடுவில் போன மூன்றடியை அவன் வீட்டுக் கூரை எடுத்துக்கொண்டது, குளிர்காலத்துக்கு ஒன்றரை அங்குலம் வீதம். வடக்கே பெரிய ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா முனையில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. வருஷத்துக்கு இருபதடி பனி கொட்டும் ஊரில் பேச வேறு விஷயங்கள் இருந்தன.

பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே முதலில் சௌனாவைத்தான் கட்டுவார்கள். வேது பிடித்துக் குளிக்கிற அந்தச் சின்னக் குடிலில்தான் பிள்ளை பிறக்கும், செத்தவரைக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். அதனால் நல்ல கூரை அதற்கு. ரெய்னோவும் தேவதாரு மர ஓடுகளை எல்லாம் சௌனாவுக்குப் போட்டுவிட்டு, மூடப்போகிற கடை ஒன்றில் பாதி விலைக்குக் கிடைத்த தார்த்தாள் சுருள்களை வீட்டுக்கு வாங்கி வந்தான். மனைவி ஹெல்மியின் அண்ணன் ஆர்வோவுக்குக் கூரை வேய்வதே தொழில். அவன் ஒரு சுருளைக் காலால் உதைத்துப் பார்த்தான். "இது அஞ்சு குளிர்காலம் தாங்காது மாப்ளே. கழுதை மேல போட்டாக்கூட கழுதைக்கு ஜலதோஷம் பிடிக்கும்." ரெய்னோ "தாங்கும்" என்றான். மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன் அவன். பேசியதைத் திரும்ப வாங்கும் வழக்கம் அவன் வம்சத்திலேயே கிடையாது. ஊரில் அதை மனவுறுதி என்பார்கள். ஹெல்மி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள், அதை அச்சில் போட முடியாது.

முதல் குளிர்காலத்திலேயே கூரை வேலையைக் காட்டியது. அடுப்புச் சூடு மேலே கசிந்து பனியின் அடிப்பக்கத்தை உருக்கும். உருகின தண்ணீர் இறவாரத்துக்கு ஓடி அங்கே உறைந்து அணை கட்டும். பின்னால் வரும் தண்ணீர் வழியில்லாமல் தார்த்தாளுக்கு அடியில் புகுந்து உத்தரத்தை ஊறவைக்கும். வசந்தத்தில் பார்த்தால் மச்சு ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது. விறகு மிச்சமாகட்டும் என்று தலைக்கு மேல் ஒரு நூல் இடம் விட்டுத்தான் ரெய்னோ மச்சைக் கட்டியிருந்தான். வேறொருவன் என்றால் குனிந்திருப்பான். குனிந்தால் கூரை தாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! ரெய்னோ குனியவில்லை, குறைந்தான். ஒழுகிய இடத்தில் அதே மலிவுத் தாளை இன்னொரு அடுக்கு ஒட்டினான். பாரம் கூடி மச்சு இன்னும் இறங்கியது. ஏழாம் வருஷத்துக்குள் ஒட்டுப்போட்ட காசில் வீட்டுக்கும் மாதாகோயிலுக்கும் தேவதாரு போட்டு, மீதியில் ஊருக்கே காபி ஊற்றியிருக்கலாம்.

டாக்டர் சோதித்துவிட்டு, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், அளவுதான் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். அவன் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கால் எட்டாமல் போனதும் அலுவலகத்தில் மிதிகளில் மரக்கட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பாதிரியார் ஒரு ஞாயிறு தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எல்லோரும் ரெய்னோவைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் அவன் தெரியவில்லை.

ஹெல்மிக்குக் குறைய வரவில்லை, தலையில் இடித்துக்கொள்ளத்தான் வந்தது. "நீ குறையற, அது உன் இஷ்டம். நான் எதுக்குய்யா குறையணும்?" என்று எட்டாம் குளிர்காலத்தில் காபிக் கெண்டியையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு முப்பதடி தள்ளியிருந்த சௌனாவுக்குக் குடிபோனாள். சனிக்கிழமை தோறும் அவன் குளிக்க வருவான். ஒவ்வொரு மார்ச்சிலும் அவனைக் கதவு நிலையோடு நிறுத்திக் கத்தியால் கோடு கீறுவாள். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு ஏறும் கோடு இங்கே புருஷனுக்கு இறங்கியது. அவளுக்குப் பயமாக இருந்தது. இப்படியே போனால் ஒரு நாள் தேடினாலும் அகப்பட மாட்டான். இருந்தும், சௌனாவிலேயே தங்கிவிடு என்று அவள் கூப்பிடவில்லை. பிடிவாதம் ஒருவர் சொத்தா என்ன?

1985 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சௌனாக் கதவின் தாழ்ப்பாள் ரெய்னோவுக்கு எட்டவில்லை. கரடி திறந்துவிடக் கூடாது என்று அவனே உயரத்தில் வைத்த தாழ்ப்பாள் அது. எம்பிப் பார்த்தான். வாளியைக் கவிழ்த்து ஏறினான், வழுக்கி விழுந்தான். ஜன்னல் வழியாக அவன் தொப்பிக் குஞ்சம் மட்டும் ஹெல்மிக்குத் தெரிந்தது. அதன் மேல் பனி ஏறிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றாள், தெரிந்துகொண்டே.

"எட்டல."

"ஏன் எட்டல?"

உள்ளே கல்லடுப்பு சீறியது. ஹெல்மி தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே நின்றாள். திறந்துவிடலாம். திறந்தால் அடுத்த மார்ச்சிலும் இதே கதைதான். காத்திருந்தாள்.

"கூரை தாங்கல, ஹெல்மி," என்றான் ரெய்னோ. இருபத்துநாலு வருஷம் பிடித்த வார்த்தை. சொன்னதும் அழுதான். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் நின்றது போல, முப்பதடிக்கு அப்பால் வீட்டுக் கூரை சாதுவாகத் தரையில் படுத்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஹெல்மி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். முதலில் கூரையை, பிறகு கீழே குனிந்து அவனை.

"அதை ஆர்வோ பார்த்துப்பான். நீ உள்ள வா, சூடு போகுது."

போன உயரம் திரும்பவில்லை. ஆனால் நிலையில் இருந்த கோடு அதற்குப் பிறகு இறங்கவும் இல்லை. ஹெல்மி வருஷா வருஷம் அதே இடத்தில் கீறி மரமே பள்ளமாகிவிட்டது. விழுந்த கூரையைப் பார்க்க வந்த ஆர்வோ "நான்தான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தபோது ஹெல்மி அவன் வாயில் ஏலக்காய் ரொட்டியைத் திணித்தாள். மறுநாள் காலை அவளே உளி எடுத்துத் தாழ்ப்பாளை ரெய்னோவின் கைக்கு எட்டும்படி இறக்கி வைத்தாள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. வருகிற விருந்தாளிகள்தான் குனிந்து திறக்கிறார்கள்.