தொட்டியின் அடியில் காசு

பிரசவத் தொட்டித் தண்ணீருக்குள் மெர்த்தா காசைப் போட்டபோது சுவித்ரி வாழைப்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வலி தொடங்கி ஐந்து மணி நேரமாகியிருந்தது. அதை வலி என்று சொல்லக் கூடாது, அலை என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன பிளி, வேண்டுதலா?" கணவனை அவள் பிளி என்றுதான் கூப்பிடுவாள்.

"தண்ணி தெளிவா இருக்கான்னு பாக்குறேன்."

"அப்போ குளோரின் எப்போ போடப் போறீங்க?"

மருத்துவச்சி இபு ரய், அதாவது ரய் அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மெர்த்தா சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவனுக்கு விளையாட்டுப் பிடிக்காது. சங்கு என்ற சுற்றுலா ஊரில் பதினான்கு வில்லாக்களின் நீச்சல் குளங்கள் அவன் பொறுப்பில் இருந்தன. தண்ணீர் சுத்தமா என்று பார்க்க அவனிடம் சொட்டு மருந்துகளும் சோதனைக் குழாய்களும் உண்டு, ஆனாலும் அவன் நம்பியது ஐந்நூறு ரூபியா காசைத்தான். அதன் ஒரு பக்கம் கருடன், மறுபக்கம் மல்லிகை. அடியில் கிடக்கும் காசில் எது மேலே இருக்கிறது என்று கரையில் நின்றபடியே சொல்ல முடிந்தால் தண்ணீர் சுத்தம்.

மல்லிகை மேலே இருந்தது. வெப்பமானி முப்பத்தாறரை காட்டியது. அரை டிகிரி கூட்டலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவித்ரி பஜ்ஜி எண்ணெயைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

இந்த அமைதிப் பிரசவத்துக்காக ஆறு சனிக்கிழமைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மனதைத் தூங்க வைத்து, உடம்பை அதன் போக்கில் விடுவதுதான் பாடம். நான்கு ஜோடிகளில் சிறந்த மாணவன் மெர்த்தா. தீர்ப்புச் சொன்னவனும் அவனே. மற்ற கணவர்கள் செல்போனை நோண்டியபோது அவன் நோட்டில் குறிப்பெடுத்தான். நான்காவது சனிக்கிழமை ஒரு லாரி ஓட்டுநர் குறட்டை விட்டுத் தூங்கினான். "ஆழ்ந்த தளர்வுன்னா இதுதான், எல்லாரும் பாருங்க" என்று இபு ரய் அவனைப் பாராட்டினார். மெர்த்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கணவனுக்கு வகுப்பில் இரண்டு வேலை சொல்லியிருந்தார்கள். ஒன்று, மனைவியின் காதருகே நிதானமான குரலில் வாசிப்பது. இன்னொன்று, கெட்ட வார்த்தைகளை வாசற்படி தாண்ட விடாமல் காப்பது. வலி, ரத்தம், பயம், ஆபத்து, கத்தி என்று பதினோரு வார்த்தைகளைச் சுவித்ரி தன் கையால் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். யார் வாயில் அவை வந்தாலும் தண்டனை உண்டு: ஒற்றைக் காலில் நின்று, மீனைப் பற்றிய பாலர் பள்ளிப் பாட்டு ஒன்றை முழுதாகப் பாட வேண்டும். அவள் ஒன்பது முறை பாடியிருந்தாள். அவன் ஒருமுறைகூடப் பாடியதில்லை. கோழி வெட்டும்போது விரலை அறுத்துக்கொண்ட அன்றுகூட, "விரல்லேர்ந்து சிவப்பா ஏதோ வருது" என்றுதான் சொன்னான். அதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

இபு ரய் வீட்டு அறையில் திரை போட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் எரிய விட்டிருந்தார்கள். தொட்டி ஓரத்தில் பூத்தட்டு வைத்து ஊதுபத்தி ஏற்றியிருந்தது. மெர்த்தா வாசித்தான். நீ நீரில் மிதக்கும் இலை. ஒவ்வோர் அலையும் உன்னைக் கரைக்கு அழைத்துச் செல்கிறது. சுவித்ரி கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, மதியத் தூக்கம் போடுகிறவளைப் போலக் கிடந்தாள். தன் குரலின் மகிமை அது என்று அவன் நம்பினான். காலை எட்டு நாற்பதுக்கு அவன் நோட்டின் பக்கத்தைப் புரட்டிய நேரத்தில் குழந்தை வந்துவிட்டது. தலை நிமிர்ந்தபோது அது அம்மாவின் மார்பில் கிடந்தது. சத்தமே இல்லை. பிறகு ஒரு தும்மல்.

"பொண்ணு" என்றார் இபு ரய்.

"அப்பா எங்க பாத்துட்டிருந்தார்னு அவகிட்ட சொல்றேன் இருங்க" என்றாள் சுவித்ரி.

இனி நஞ்சுக்கொடி வர வேண்டும். வந்ததும் அதைக் கழுவி, தேங்காய் மூடிக்குள் வைத்து, பெண் குழந்தைக்கு வாசலின் இடது பக்கம் புதைப்பது தகப்பன் வேலை. நார் உரித்து இரண்டாக உடைத்த தேங்காயை அவன் பையிலேயே கொண்டுவந்திருந்தான். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இபு ரய் பக்கத்து மேசையில் குறிப்பு எழுத உட்கார்ந்தார். "நீ வாசி, அவ நிம்மதியா இருக்கட்டும்."

மெர்த்தா வாசித்தான். பழக்கதோஷத்தில் தண்ணீரை ஒருமுறை பார்த்தான். மல்லிகை தெரியவில்லை.

குளம் பார்க்கிறவன் அவன். ஒரு வாளிச் சாயம் எவ்வளவு தண்ணீரை என்ன நிறமாக்கும் என்பது கண்ணாலேயே அவனுக்குத் தெரியும். கொஞ்சம் நிறம் மாறும், அது வழக்கம் என்று வகுப்பில் சொன்னதும் நினைவிருந்தது. சுவித்ரியின் முகத்தைப் பார்த்தான். ஆறு சனிக்கிழமைகளில் ஒருநாளும் அவள் எட்டாத அமைதி அந்த முகத்தில் இருந்தது. அவனுக்குப் பெருமையாக இருந்தது. மறுபடி வாசித்தான். உன் கைகள் கனமற்றவை. உன் கால்கள் கனமற்றவை.

"குளிருது பிளி" என்றாள்.

அவன் வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்தாறரை. "தண்ணி சரியா இருக்கே" என்றான்.

காசு இப்போது இருக்கிற இடமே தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. ஒன்றரைப் பக்கம் வாசித்துக்கொண்டே அதற்கு மாற்று வார்த்தை தேடினான். கடைசியில் எழுந்து, அதே நிதானமான குரலில், "இபு, காசு தெரியல" என்றான்.

"எந்தக் காசுப்பா?"

"நான் போட்ட காசு. ஐந்நூறு ரூபியா."

"இப்ப எதுக்கு அது? அப்புறம் தேடிக்கலாம்."

"இல்ல இபு. தெளிவில்ல. தண்ணி தெளிவா இல்ல."

அப்போதுதான் அவர் பேனாவை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். வெளிச்சம் விழுந்ததும் அவர் முகம் மாறியதை மெர்த்தா பார்த்தான். "தூக்கு" என்றார். "குழந்தைய நான் வாங்கிக்கிறேன். அவளத் தூக்கு. இப்பவே."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தொடையில் ஊசி போட்டார். வயிற்றை அழுத்தி அழுத்திப் பிசைந்தார். கொடி வரவில்லை, வருகிற அறிகுறியும் இல்லை. குழந்தையையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இபு ரய்யின் வேனில் இருபது நிமிடப் பயணம். முன்னால் மூங்கில் ஏற்றிய வண்டி ஒன்று நகராமல் நின்றபோது மெர்த்தா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரத்தம்! ரத்தம் போகுது! வழி விடுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒன்றரைப் பக்கம் தாமதமாக அந்த வார்த்தை வந்தது. வந்ததும் நிற்கவில்லை.

அவன் மடியில் தலை வைத்திருந்த சுவித்ரி கண்ணைத் திறந்தாள்.

"சொல்லிட்டீங்க."

"என்ன?"

"ஒத்தக் கால்ல நில்லுங்க. பாட்டோட."

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே மெர்த்தா ஒற்றைக் காலில் நின்றான். மீனைப் பற்றிய அந்தப் பாட்டை முணுமுணுத்தான். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினான். நீல வேட்டி கட்டிய காவலாளி வந்து, "கால்ல அடியா பாஸ்?" என்றார்.

"இல்ல. தண்டனை."

காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மெர்த்தா உட்காரவில்லை. பதினொன்றே காலுக்கு டாக்டர் வெளியே வந்தபோதும் ஒரு கால் மேலேதான் இருந்தது. அவள் இல்லை என்ற செய்தி கேட்ட பிறகு காலைக் கீழே இறக்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. டாக்டர்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே வேர் விட்டிருந்தது, முன்கூட்டி யாருக்கும் தெரிந்திருக்காது, சில நிமிடங்கள் எதையும் மாற்றியிருக்காது என்றார் டாக்டர். மெர்த்தா அதை ஒருநாள் நம்புவான், மறுநாள் நம்பமாட்டான். ஒன்றரைப் பக்கம் வாசிக்க எவ்வளவு நேரமாகும் என்று கடிகாரம் வைத்து அவன் பலமுறை வாசித்துப் பார்த்திருக்கிறான். மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. நல்ல குரல், நல்ல நிதானம்.

மருத்துவமனையில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அதிலிருந்ததைக் கழுவி, தேங்காய்க்குள் வைத்து, வாசலின் இடது பக்கம் புதைத்து, மேலே கல் வைத்து விளக்கேற்றினான். ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி செய்தான்.

மறுநாள் விடிந்ததும் தன் உறிஞ்சு குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இபு ரய் வீட்டுக்குப் போனான். அழுது வீங்கிய முகத்தோடு அவர் கதவைத் திறந்தார்.

"நீ ஏம்ப்பா வந்த? ஆள் வெச்சு நான் கழுவிக்கிறேன்."

"என் வேலை இபு. நானே கழுவுறேன்."

திரையை முழுதாக விலக்கினான். குழாயைப் போட்டு, வாயால் இழுத்து, தண்ணீரைத் தோட்டத்து வடிகாலுக்குத் திருப்பிவிட்டு, தொட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான். எவ்வளவு தண்ணீர் இருக்கும்போது காசு தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. முழங்கால் அளவுக்கு இறங்கியது, தெரியவில்லை. கணுக்கால் அளவுக்கு இறங்கியும் தெரியவில்லை. நான்கு விரல் தண்ணீர் இருந்தபோது ஒரு வட்டம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு விரலுக்கு வந்ததும் குனிந்து பார்த்தான்.

போட்ட இடத்திலேயே கிடந்தது. மல்லிகை மேலே இருந்தது.