பதினாறு ஜிபி

என் கம்ப்யூட்டருக்கு மெமரி பத்தலன்னு நான் சொன்னா பத்தலதான். முப்பத்தொரு வருசம் பாசீர் கூடாங் தொழிற்சாலையில மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிடுவேன். ஐயாசாமி கை வெச்ச மெஷின் திரும்பி வந்ததில்ல, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

சனிக்கிழமை காலையில கம்ப்யூட்டர்ல சித்திரைத் திருவிழா பேனரைத் திறந்தேன். கோயிலுக்கு வருசா வருசம் நான்தான் செஞ்சு குடுக்குறது. அம்மன் முகம் பாதி வந்து அப்படியே நின்னுடுச்சு. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. நாலு ஜிபி மெமரியை வெச்சுக்கிட்டு வேற என்னத்தை எதிர்பார்க்குறது? கடைக்குப் போய் மெமரி கூட்டிட்டு வர்றேன்னு என் பொண்டாட்டி புஷ்பவள்ளிகிட்ட சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தவ கத்தியைக் கீழே வெச்சுட்டு, வேணாம்ங்க, அது நல்லாத்தான் இருக்குன்னா. கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாதவ எனக்குச் சொல்லிக் குடுக்குறா. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

ஒரு மாசமாவே இவ இப்படித்தான். வேலையிலிருந்து நின்ன பிறகு நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன், மாசாய் டவுன் பூரா பதினோரு பிள்ளைங்க. காலையில ஆறு மணிக்கு இவளும் ஏறி முன் சீட்ல உட்கார்ந்துக்குறா. எதுக்குடின்னா காத்து வாங்கவாம். வாங்குறவ சும்மா வாங்குறாளா? இங்க திரும்புங்க, அந்த வீட்டுல நில்லுங்கன்னு வாய் ஓயாது. எனக்கு ரோடு தெரியாதா?

பன்னிரண்டாவதா ஒரு பிள்ளை இருந்துச்சு, கம்ப்யூட்டர் கடை தீபனோட மக. போன மாசம் ஒரு காரணமும் சொல்லாம அவளை வேன்லேர்ந்து நிறுத்திட்டான். அந்தக் கடுப்பு வேற எனக்கு. ஆனா மாசாய்ல உருப்படியா வேலை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், என்ன செய்ய. சிபியூவைத் தூக்கி வேன்ல வெச்சேன். புஷ்பா கையைத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்து ஏறிட்டா. வெங்காயம் அப்படியே கிடக்குது.

தீபன் சிபியூவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காம புஷ்பாவைப் பார்த்தான். மெமரி கூட்டணும்னு சொன்னேன். அவன் ஸ்கிரீன்ல மாட்டி, பேனரைத் திறந்து, எது எவ்வளவு மெமரி தின்னுதுன்னு காட்டுற பக்கத்தை என் பக்கம் திருப்பினான். மொத்தம் பதினாறு. அதுல ஆறுகூடச் செலவாகல.

"மெமரி தாராளமா இருக்கு அங்கிள். ஹார்ட் டிஸ்க்தான் பழசு, அதான் மெதுவா வருது."

நான் சிரிச்சுட்டேன். நாலு ஜிபி மெஷின் எப்படிப் பதினாறு காட்டும், குட்டி போட்டுச்சான்னு கேட்டேன். அவன் சிரிக்கல. என்னை ஏமாத்தப் பார்க்குறியா, வேற யார் மெஷினையோ மாட்டிக் காட்டுறியான்னு சத்தம் போட்டேன். மவுஸ் வாங்க வந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். பேசிப் பிரயோஜனம் இல்லன்னு கரண்டைப் பிடுங்கிட்டு, என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கத்து மூடியைக் கழட்டினேன்.

தொழிற்சாலையில எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மெஷினைத் திறந்தவன், என்ன செஞ்சான், என்னிக்குச் செஞ்சான்னு ஒரு டேப்ல எழுதி உள்ளே ஒட்டிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மூடணும். எனக்கு அது ரத்தத்துல ஊறிப் போச்சு. வீட்டு ஃபேனுக்குக்கூட ஒட்டியிருக்கேன்.

மூடியோட உள்பக்கம் ரெண்டு டேப் இருந்துச்சு.

'பிப்ரவரி 8. மெமரி 4 எடுத்து 16 போட்டது. ஐ.சாமி.'

என் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு நான் இழுக்குற வால் வரைக்கும் அப்படியே இருக்குது. ரெண்டாவது டேப்பைப் படிச்சேன்.

'மார்ச் 15. ஏற்கனவே போட்டாச்சு. மறந்துட்டேன். இனிமே வேன் ஓட்டாதே. சாவியைப் புஷ்பாகிட்ட குடு. ஐ.சாமி.'

நாலு தடவை படிச்சேன். பிப்ரவரியும் ஞாபகம் வரல, மார்ச்சும் வரல. வேற எவனாவது எழுதியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன். எழுதினது நான். எவன் சட்டையைப் பிடிக்குறது? பயம்னா அப்படி ஒரு பயம். இத்தனை வயசுல நான் அப்படிப் பயந்ததே இல்ல.

தீபன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். போன மாசம் நான் இதே மேசையில நின்னு இதே மாதிரி சத்தம் போட்டேனாம். குட்டி போட்டுச்சான்னு அன்னிக்கும் கேட்டேனாம். பிறகு அந்த டேப்பை எழுதிட்டு, இதே ஸ்டூல்ல ஒரு மணி நேரம் அழுதேனாம். "மகளை நிறுத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க அங்கிள். பெத்த மனசு கேக்கல"ன்னான். அவனைப் போய் ஒரு மாசமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

பையிலிருந்து வேன் சாவியை எடுத்துப் புஷ்பாகிட்ட நீட்டினேன். அவ வாங்கல.

"அன்னிக்கும் குடுத்தீங்க. ரெண்டாம் நாள் விடியக்காலையில சாவி எங்கடின்னு நின்னீங்க. டேப்புல எழுதியிருக்குன்னேன். பொய் சொல்றேன்னு கையை ஓங்கிட்டீங்க. அதான் சாவியைக் குடுத்துட்டு நானும் ஏறி உட்கார்ந்துக்கிட்டேன்."

முப்பத்து நாலு வருசத்துல அவ மேல நான் கை ஓங்கினதில்ல. ஓங்கினதில்லன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். பதினோரு பிள்ளைங்களைப் பின்னாடி வெச்சுக்கிட்டு, எந்த ரோட்டுல திரும்பணும்னு தெரியாம ஒரு மாசம் ஓட்டியிருக்கேன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருந்தா அந்தப் பெத்தவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

சாவியைத் தீபன் கையில வெச்சு அழுத்தினேன்.

"இவகிட்ட இருந்தா நான் பிடுங்கிடுவேன். நீ வெச்சுக்க. நான் வந்து கேட்டாலும், திட்டினாலும், அடிச்சாலும் குடுக்காதே. பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் இப்பவே போன் போடு. ஒரு வீடும் விடாதே லா."

அவன் என் கண்ணு முன்னாடியே பதினோரு வீட்டுக்கும் பேசினான். வேன் அவன் கடை வாசல்லயே நின்னுச்சு. சிபியூவை மடியில வெச்சுக்கிட்டு அவன் கார்ல வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் டேப்பை எடுத்தேன். இந்தத் தடவை மெஷினுக்குள்ள ஒட்டல. கதவுகிட்ட வேன் சாவி மாட்டுற ஆணி இருக்குது. காலையில எழுந்ததும் என் கை முதல்ல அங்கதான் போகும். தேதியைப் புஷ்பாகிட்ட கேட்டு எழுதி, ஆணிக்குக் கீழே ஒட்டி, நல்லா அழுத்தித் தேச்சு விட்டேன்.

'ஏப்ரல் 12. சாவி தீபன்கிட்ட இருக்கு. புஷ்பா பொய் சொல்லல. ஐ.சாமி.'